எஞ்சினுக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

கையை உள்ளே விட்டுத் துழாவியபோது விரல் நுனியில் மெத்தென்று ஏதோ பட்டது.

விமான எஞ்சினுக்குள் மெத்தென்று இருக்கக்கூடியது எதுவும் கிடையாது. அங்கே இருப்பதெல்லாம் அலுமினியம், இரும்பு, ரப்பர் குழாய், வயர். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். புல்மேட்டில் நிறுத்தி வைக்கும் விமானங்களுக்கு எலித் தொல்லை உண்டு. கையை வெளியே எடுத்து மோந்து பார்த்தேன். எண்ணெய் வாடை இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. எலுமிச்சம்பழ வாடை.

நிமிர்ந்து பார்த்தேன். விமானத்தின் சொந்தக்காரர் சொக்கலிங்கம் முதலாளி ஓடுபாதையின் மறுகோடியில் கம்பை வைத்துக்கொண்டு மாடு விரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தெய்வானை அக்கா கொட்டகை நிழலில், சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஹாட்வெயார் கடையும் ஆகாயமும்

பதுளை பஜாரில் ஆணியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை விற்கும் கடை அவருடையது. தாத்தா காலத்துக் கடை. கல்லாவுக்கு மேலே லட்சுமி படம், பக்கத்தில் ஒரு சின்ன விமானத்தின் படம். இரண்டுக்கும் ஒரே ஊதுபத்திதான்.

ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் அவருக்குப் பறக்கும் ஆசை வந்தது. சிலருக்கு அந்த வயதில் கோயில் கட்டும் ஆசை வரும், சிலருக்குத் தேர்தலில் நிற்கும் ஆசை வரும். இவர் கொழும்புக்குப் போய்ப் பறக்கப் படித்தார். பழைய இருவர் விமானம் ஒன்றை வாங்கினார். அதில் இரண்டு பேர் உட்காரலாம். கூட ஒரு மூட்டை அரிசியை ஏற்றினால் கிளம்பாது. பண்டாரவளைக்கு அப்பால், தேயிலை நடாமல் விட்டிருந்த புல்மேடு ஒன்றைத் தோட்டத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஓடுபாதை ஆக்கினார். அதற்கு அனுமதி எடுத்து முடிப்பதற்குள் தலைமுடி பாதி கொட்டிப் போனது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து விமானம் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். திரும்பவும் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. இப்போதும் ஊருக்குப் போனால், "பிளேனு ஓட்டுறியாமே?" என்று கேட்பார்கள். ஓட்டவில்லை, ரிப்பேர் செய்கிறேன் என்றால் முகம் சுருங்கிப் போகும். முதலாளி ஒருவர்தான் அதைக் கேட்டு முகம் மலர்ந்தவர். அன்றிலிருந்து நான் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவருடைய விமானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

சிவப்பு விளக்கு

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். விமானத்தில் சார்ஜ் ஏறவில்லை என்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதாம். அப்புத்தளை மலைமுகட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது எரிந்ததாம். கொஞ்ச நேரத்தில் ரேடியோ ஓய்ந்தது. வழி காட்டும் திரை கறுத்தது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து மூடுபனி ஏறியிருக்கிறது.

"எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ரயில் பாதை தெரிஞ்சுச்சு தங்கச்சி. அதையே பாத்துக்கிட்டு வந்து எறங்கிட்டேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புத்தளைப் பனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரயில் பாதை தெரிவதும் மறைவதும் அதன் இஷ்டம்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிச் சின்ன எஞ்சினோடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டரும் சுற்றும். அதில் வரும் மின்சாரம் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். அதை அப்படியே பேட்டரிக்கு விட்டால் கெட்டுவிடும். அதனால் நடுவில் ரெகுலேட்டர் என்றொரு பெட்டி, பேட்டரிக்குத் தேவையான அளவை மட்டும் அனுப்பும். இது நின்று போனால் எஞ்சின் நிற்காது. எரியூட்டும் பொறிக்கு எஞ்சினிலேயே தனி ஏற்பாடு உண்டு. ஆனால் பேட்டரி தீர்ந்த பிறகு ரேடியோ கிடையாது, திரை கிடையாது. கடற்கரையில் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நாலு பக்கமும் மலை நிற்கிற எங்கள் ஊவாப் பக்கத்தில் அது உயிர் போகிற சங்கதி.

முதலாளி எல்லாரும் செய்வதையே செய்தார். பேட்டரியை மாற்றினார். விளக்கு அணைந்தது. சில தடவை பறந்தார், திரும்ப எரிந்தது. ரெகுலேட்டரை மாற்றினார். மறுபடி அணைந்தது, சில தடவைக்குப் பிறகு மறுபடி எரிந்தது. தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மேலே போய்ச் சூடேறினால்தான் வரும்.

நான் வரும்வரை பறக்க வேண்டாம் என்றேன். சரி என்றவர், அதற்குள் இன்னொரு தடவை பறந்திருக்கிறார். இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குளித்த மோட்டார்

இங்கே ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சரஸ்வதி பூசை வந்தால் தொழிற்சாலையே புதுப்பெண் மாதிரி ஆகிவிடும். கொழுந்து அரைக்கும் உருளைக்குச் சந்தனப் பொட்டு, தராசுக்குக் குங்குமம், லொறிக்கு மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். அன்றைக்கு யாரும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக் கூடாது. ஆயுதங்களுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டுமல்லவா?

ஒரு வருஷம், கொழுந்து வாட்டும் மாடியின் பெரிய விசிறி மோட்டாரை யாரோ பக்தி மிகுந்து மஞ்சள் தண்ணீரால் குளிப்பாட்டிவிட்டார்கள். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் படாரென்று ஒரு சத்தம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஓடிவந்து இது என்ன காட்டுமிராண்டித்தனம் என்று கத்தினார். அப்பா மோட்டாரைக் கழற்றிக் காய வைத்தார். அடுத்த வருஷமும் அதே மோட்டாருக்குப் பொட்டு வைத்தார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை.

நானும் இன்றுவரை என் கருவிப் பெட்டிக்குச் சந்தனம் வைக்கிறவள்தான். கூட வேலை செய்யும் பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். சோறு போடுகிற சாமானுக்கு வருஷத்தில் ஒருநாள் மரியாதை செய்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் பொட்டை எங்கே வைப்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது.

வயரின் வழியே

அன்று காலை புல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் மூடியைக் கழற்றினேன். முதலாளியை உள்ளே உட்காரவைத்து ஓட்டச் சொன்னேன். பேட்டரியில் மீட்டரை வைத்தேன். முதலில் பதினாலு வோல்ட்டுக்குக் கிட்டத்தில் நின்றது. நல்லது. விடாமல் ஓட்டச் சொன்னேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு முள் தடுமாறி, பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கியது. முதலாளி கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினார். விளக்கு எரிகிறது.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நோய் வெளியே வந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஜெனரேட்டரிலிருந்து வரும் இரண்டு மஞ்சள் வயர்களை ரெகுலேட்டரிலிருந்து பிடுங்கி, அவற்றில் மீட்டரை வைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். வேகத்தைக் கூட்டக் கூட்ட அளவும் ஏறியது. ஜெனரேட்டர் உயிரோடு இருக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரெகுலேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் தொடர்பு சரியாக இருந்தது. பெட்டியோ புத்தம் புதிது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு மெல்லிய வயர். பேட்டரியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று ரெகுலேட்டருக்குச் சேதி கொண்டுபோவது அது. சேதி வராவிட்டால் பெட்டி ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருந்துவிடும். அந்த வயரின் முனையில் மீட்டரை வைத்து லேசாக அசைத்தேன். அளவு விழுந்தது. மறுபடி அசைத்தேன், வந்தது.

பேட்டரியை மாற்றியபோதும் ரெகுலேட்டரை மாற்றியபோதும் ஏன் சரியானது என்று அப்போது விளங்கியது. ஒவ்வொரு தடவையும் அந்த முனையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கழற்றி மாட்டும்போது உரசி, கொஞ்ச நாளைக்குத் தொடர்பு வந்திருக்கிறது. புதுச் சாமானால்தான் சரியானது என்று நினைத்துவிட்டார்கள்.

முதலாளி, "மாடு ஏறிருச்சு தங்கச்சி, வந்துர்றேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு போனார். நான் முனையைக் கழற்றினேன். பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு ஏறியிருந்தது. மூடிக்குள் தண்ணீர் வர வழியில்லையே என்று பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தபோதுதான் விரலில் அது பட்டது.

மஞ்சள் தடவிய நூலில் கட்டிய எலுமிச்சம்பழம். பெட்டிக்குப் பின்னால் ஓடும் குழாய்களுக்குள் நூலை நுழைத்து, பெட்டியைக் கழற்றினாலும் கண்ணில் படாதபடி இறுக்கிக் கட்டியிருந்தது. எஞ்சின் சூட்டில் வெந்து, தோல் வெடித்து, சாறு நேராக அந்த வயர் முனைக்குள் இறங்கியிருந்தது. சரஸ்வதி பூசை முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. இதுவோ இன்னும் காயாத பழம். அதற்குப் பக்கத்தில் அறுந்த பழைய நூல்கள் வேறு.

யாரோ மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிழலில் இருந்தவர்

"அவருக்கிட்ட சொல்லிறாதீங்க தங்கச்சி" என்றார் தெய்வானை அக்கா.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்திருந்தார். கேரியரைக் கீழே வைக்கவும் இல்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டேன். பூசையன்று விமானத்தின் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்ட வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். விசிறி சுற்றும் இடத்தில் ஒன்றும் கட்டக் கூடாது என்று முதலாளி மறுத்திருக்கிறார். அவர் சொன்னது சரிதான். பொட்டோடு பூசை முடிந்தது. ஆனால் இவருக்கு மனம் ஆறவில்லை. மூடி திறந்திருந்த நேரத்தில், யார் கண்ணுக்கும் தெரியாத இடம் பார்த்து உள்ளே கட்டிவிட்டார்.

முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்து, முதலாளி வீட்டுக்கு வந்து கதையாகச் சொன்னபோது, கண்ணேறு பட்டுவிட்டது, பழத்துக்குச் சக்தி போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். அடுத்த தடவை சாப்பாடு கொண்டுவந்தபோது, மூடி கழன்றிருந்த நேரம் பார்த்துப் புதுப் பழம் கட்டினார். திரும்ப விளக்கு எரிந்தது. திரும்பப் புதுப் பழம். பயம் கூடக் கூடச் சாறும் கூடியிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட பழுது! அந்த மனிதர் பனிக்குள் ரயில் பாதையைத் தேடிக்கொண்டிருந்ததும் இதனால்தான். பச்சை ஏறிய வயர் முனையை அக்கா முன்னால் நீட்டினேன்.

"அக்கா, வெளக்கு எரிஞ்சது இதாலதான். இந்தப் பழத்துச் சாறுதான் உள்ள எறங்கியிருக்கு."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய பச்சையையும் பார்த்தார்.

"நானா?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் கோபமெல்லாம் போய்விட்டது. கேரியரை வாங்கிக் கீழே வைத்தேன். இது கெட்டால் எஞ்சின் நிற்காது, விமானம் கீழே விழாது என்று சொன்னேன். பனி இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்றும் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. முதலாளி பறக்கப் போகிற நாளெல்லாம் கடையில் எனக்கு ஒரு கணக்கும் ஓடாது, யார் என்ன கேட்டாலும் தப்பான சாமானை எடுத்துக் கொடுப்பேன் என்றார். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லையாம்.

"நான் சொல்லல அக்கா. ஆனா நீங்க சொல்லியாகணும். தெரியாமப் போனா நாளைக்கு வேற எடத்துல இன்னொன்னு நடக்கும்" என்றேன்.

ஒரு கேள்வி

முதலாளி மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அக்கா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

முதலில் அவர் சிரித்தார். கொழும்பில் இருந்து ரெகுலேட்டர் வரவழைத்ததையும் பேட்டரிக் கடைக்காரனோடு சண்டை போட்டதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு, இவ்வளவு பயம் என்றால் ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா இப்படித்தான் சிரிப்பீங்க" என்றார் அக்கா.

அவர் சிரிப்பை நிறுத்தினார். தலையைத் தடவிக்கொண்டார். விமானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சரி தெய்வான. இப்ப சொல்லு. நீ வேணாம்னு சொன்னா இன்னையோட நிப்பாட்டிர்றேன்."

இந்த மாதிரிக் கேள்விகளை எனக்குத் தெரியும். ஆண்கள் பெரிய மனது பண்ணிக் கேட்பார்கள். பதில் என்ன வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "உங்க இஷ்டம், பாத்துப் போயிட்டு வாங்க" என்று வரும். அதற்குப் பிறகு போகிறவருக்கு மனச்சுமையும் இருக்காது. நானும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்து, களிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"வேணாங்க. நிப்பாட்டிருங்க" என்றார் அக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். விமானம் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது அவர். பதில் சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். நடுவில் நான் யார்?

வேலையைப் பாதியில் விட எனக்குப் பழக்கமில்லை. புது முனை போட்டு, வயரைக் கட்டி, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டச் சொன்னேன். முள் பதினாலுக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது. விளக்கு எரியவில்லை. முதலாளி வழக்கத்தைவிட அதிக நேரம் எஞ்சினை ஓடவிட்டார். கடைசியில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மேல போய்ப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்" என்று பழக்கதோஷத்தில் உளறிவிட்டேன். மூவரும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பிரட்டல் நன்றாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் மனம் மாறிவிடுவார் என்று நான் நினைத்தேன். மாறவில்லை. பதுளை பஜாரில் அவர் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு, வாயால் சொன்ன பேச்சுக்கு மேல் துண்டுச் சீட்டு கேட்க வேண்டியதில்லை என்று. சில மாதங்களில் விமானம் விலை போனது.

எனக்கு இருவர் மேலும் வருத்தம் இருந்தது. அவ்வளவு பெரிய ஆசையை ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாரே என்று அக்கா மேல். இத்தனை வருஷம் அந்த ஒரு சொல்லைக் கேட்காமலேயே பறந்திருக்கிறாரே என்று முதலாளி மேல். எது நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

வேறொருவர் ஓட்டிப் போன நாள்

வாங்கியவர் அனுப்பிய விமானி ஓர் இளைஞர். தெற்குக் கடற்கரைக்கு ஓட்டிப் போக வேண்டும். புறப்படும் முன் எல்லாவற்றையும் பார்த்துக் கொடுக்க நான் போயிருந்தேன். முதலாளி வரவில்லை. கடையில் வேலை இருக்கிறதாம். தெய்வானை அக்கா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுப் போனேன்.

விமானம் புல்லை விட்டு எழும்பி, தேயிலைச் சரிவுக்கு மேலே வளைந்து, அப்புத்தளைப் பக்கம் சின்னதாகி மறைந்தது. நான் சாமான்களை எடுத்து வைத்தேன். அக்கா நகரவில்லை.

"எவ்வளவு நேரமாகும் தங்கச்சி?"

முக்கால் மணி நேரம் போல ஆகும், இறங்கியதும் எனக்குச் சொல்வார், நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நடுவில் முதலாளி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் கடையில் யாரோ குழாய் அளவு கேட்கும் சத்தம். "தங்கச்சி, எறங்குனதும் அந்தத் தம்பிக்கிட்ட கேளுங்க, வெளக்கு எரிஞ்சுச்சான்னு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் கையால் செய்த வேலை மேலே போய் நிரூபிக்கப்படாமல் அத்தனை மாதமாக மனதை அரித்துக்கொண்டிருந்தது.

அக்கா அந்த இளைஞரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், "அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மேகம் வந்தது, போனது. அவர் மலைமுகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடையில் உட்கார்ந்து தப்பான சாமானை எடுத்துக் கொடுத்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தொலைபேசி அடித்தது. நல்லபடியாக இறங்கிவிட்டேன் என்றார் விமானி. விளக்கைப் பற்றிக் கேட்டேன். ஒரு தடவைகூட எரியவில்லை என்றார். இரண்டையும் அக்காவிடம் சொன்னேன்.

அவர் எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். என் தொலைபேசியை வாங்கி முதலாளியைத் தானே கூப்பிட்டார்.

"ஏங்க, வெளக்கு எரியவே இல்லையாம். பதினாலுலேயே நின்னுச்சாம்" என்றார்.

பதினாலு என்று விமானியும் சொல்லவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை. அந்த வோல்ட் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் கடையில் யாரோ ஏதோ கேட்க, "கொஞ்சம் பொறுங்க" என்று முதலாளி அவரை நிறுத்துவது எனக்கும் கேட்டது. அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அப்படியே நின்றுகொண்டிருந்தார்.